செய்தியம்மாவின் சுருக்கம்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள். கதவோரம் நின்று கேட்டால் கதையும் ஓரமாகத்தான் காதில் விழும். கையிலிருக்கிற வேலையைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள், காதை மட்டும் என்னிடம் கொடுங்கள். ஒரே ஒரு சொல், ஒரு குடும்பத்தையும் ஓர் அலுவலகத்தையும் என்ன பாடு படுத்தியது என்று சொல்கிறேன். கேட்டு முடித்ததும் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்தால் கண்ணோரம் என்ன ஆகும் என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

செய்தியம்மாவுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. ஒரு சின்னத் தொலைக்காட்சி நிலையத்தில் மாலைச் செய்தி வாசிப்பவள். சின்ன இடம் என்பதால் எழுத ஒருத்தர், திருத்த ஒருத்தர், வாசிக்க ஒருத்தர் என்றெல்லாம் அங்கே கிடையாது. வந்து குவிகிற தாள்களை அவளே படிப்பாள், அவளே வெட்டுவாள், அவளே வாசிப்பாள். வெட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஊரையே மூழ்கடித்த வெள்ளத்தை மூன்று வரியில் வடித்துவிடுவாள். அமைச்சர் மூச்சுவிடாமல் பேசிய பேச்சை, "அமைச்சர் பேசினார்" என்று முடித்துவிடுவாள். ஏனம்மா என்று கேட்டால், "அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்லையே" என்பாள்.

வீட்டிலும் அதே கதைதான். கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டதற்கு அன்றைக்கு "சரி" என்றாள். அந்த ஒற்றைச் சொல்லை நம்பித்தான் அவள் வீட்டுக்காரர் இத்தனை வருஷம் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறார். அவர் தெருமுனையில் லாண்டரி வைத்திருந்தார். வாயைத் திறந்தால் மூடமாட்டார். "எங்க வீட்டுக்கு ஒரு வாய் போதும்னு கடவுள் கணக்குப் போட்டுட்டாரு" என்று துணி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் இரண்டு புதுவரவுகள் வந்து சேர்ந்தன. ஒன்று, நிலையத்துக்கு வந்த புதுக் கேமரா. முகத்தில் ஈ உட்கார்ந்தால் ஈயின் முழங்கால்கூடத் தெரியும் என்றார்கள். இன்னொன்று, அவளுக்கு மேலதிகாரியாக வந்த புதுச் செய்தி ஆசிரியர். நல்ல மனிதர், பாவம், ஆனால் எந்த வாக்கியத்தையும் முடிக்கமாட்டார். பாதி சொல்லும்போதே கைபேசி மணியடிக்கும், மீதியை அதற்குள் கொட்டிக்கொண்டு போய்விடுவார். வந்த வாரமே அவருக்கு 'அரைப்புள்ளி' என்று பேர் விழுந்துவிட்டது.

ஒருநாள் செய்தி முடிந்து செய்தியம்மா வெளியே வந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அரைப்புள்ளி பெரிய திரைக்கு முன்னால் நின்றிருந்தார். திரையில் அவள் முகம் அப்படியே உறைந்து நின்றது. கண் ஒன்று பாதி மூடி, வாய் கோணி, பார்க்கவே சகிக்கவில்லை. அரைப்புள்ளி தன் பேனா முனையைத் திரையில், அவளுடைய இடது கண்ணோரத்தில் வைத்துத் தட்டித் தட்டிப் பேசினார்.

"அம்மா, சுருக்கம் ரொம்ப அதிகமா இருக்கு. நேயர்கள் தினம் ஃபோன் பண்ணிக் குறைப்படறாங்க. சீக்கிரம் சரி பண்ணுங்க, இல்லேன்னா நான் வேற ஏற்பாடு..."

மணி அடித்தது. "ஹலோ, சொல்லுங்க" என்று போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து, வானிலை வாசிக்க வந்த சின்னப் பெண் அவளைக் கடந்து போனாள். இருபத்து நாலு வயது. கன்னம் வெண்ணெய்க்கட்டி. "என்ன ஆன்ட்டி, அப்படியே நின்னுட்டீங்க?" என்றாள். நேற்றுவரை 'அக்கா' என்று கூப்பிட்ட வாய் அது.

செய்தியம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். வேறு ஏற்பாடு என்றால் என்ன, அதோ கொண்டையைச் சரிசெய்துகொண்டு நிற்கிறதே, அதுதானே? அந்த நாற்காலியைத் தவிர வேறெந்த இடத்திலும் அவளுக்குப் பேச வராது. அது போனால் அவள் ஊமைதான்.

இங்கே நீங்கள் கேட்கலாம், அவள் தொழிலே வெட்டிச் சுருக்குவதாயிற்றே, அந்தச் சுருக்கம் அவள் மூளைக்கு எட்டவில்லையா என்று. எட்டாது கண்ணுகளா. மனுஷருக்குத் தன் மூஞ்சிமேல் எப்போது வேண்டுமானாலும் சந்தேகம் வரும். தன் கெட்டிக்காரத்தனத்தின்மேல் செத்தாலும் வராது.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள். அவள் சொல்கிற விதத்தில்தான் சொன்னாள்: "சுருக்கமாம். வேலை போயிடும்."

வீட்டுக்காரர் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தார். முகம் சிவந்துவிட்டது.

"யாரு சொன்னது? என்ன தைரியம்? முப்பது வருஷமா இந்தக் கை இஸ்திரி போடுது! நீ கட்டிக்கிட்டுப் போற சேலையில ஒரு சுருக்கம் காட்டச் சொல்லு, ஒரே ஒரு சுருக்கம். நான் கடையை மூடிட்டு வீட்ல உக்காந்துக்கறேன்!"

"சேலை இல்லங்க."

"பின்ன? ரவிக்கைக் கையா? அது நீ கையைத் தூக்கித் தூக்கித் தாளைப் புரட்டறதால வர்றது. அதுக்கு நான் பொறுப்பில்ல."

அவள் தன் கண்ணோரத்தைத் தொட்டுக் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார்.

"அட, இதுவா? இது நல்லாத்தானே இருக்கு. இதைப் போயா சொல்லுவான் ஒரு மனுஷன்? இல்லம்மா, அவன் சேலையைத்தான் சொல்லியிருக்கான். நாசூக்கா என்னைக் குத்தறான்."

ஆக ஒரே சொல்லை மனைவி தன் முகத்துக்கும், கணவன் சேலை முந்தானைக்கும் எடுத்துக்கொண்டார்கள். சொன்னவர் மட்டும் நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் வானிலைப் பெண்ணே வழிகாட்டினாள். "கண்ணுக்குன்னே தனியா க்ரீம் இருக்கு ஆன்ட்டி. நான் இப்பவே போட ஆரம்பிச்சுட்டேன். வந்தப்புறம் போராடறதவிட வர்றதுக்கு முன்னாடியே தடுத்துடணும் பாருங்க. மழைக்கு முன்னாடி குடை மாதிரி."

"உன் மழை என்னைக்குச் சொன்னபடி பெஞ்சிருக்கு?" என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. அதையும் வெட்டிவிட்டு, கடை எங்கே என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

பெரிய கடை. கீழ்த்தளத்தில் சோப்பு, சீப்பு. மேலே ஏறினால் கண்ணாடி மேசைகளும், கண்ணைக் கூசுகிற விளக்குகளும். மேசைக்குப் பின்னால் நின்ற விற்பனைக்காரி அவளை உட்காரவைத்து, கையில் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு வட்டக் கண்ணாடியைக் கொடுத்தாள். மலைமேலிருந்து பள்ளத்தாக்கைப் பார்ப்பதுபோல இருந்தது செய்தியம்மாவுக்கு.

"ஆழ்கடல்ல கிடைக்கிற அபூர்வமான பாசி, பனிமலை உச்சியில வருஷத்துக்கு ஒரு தடவையே பூக்குற பூவோட சாறு, அதோட நுண்ணிய முத்துத் தூளும் சேர்ந்து உங்க சருமத்தோட நினைவுகளைப் புதுப்பிக்குது மேடம்."

பாசி, பூ, தூள் என்று செய்தியம்மா மனசுக்குள் வெட்டிக்கொண்டாள். "சுருக்கம் போகுமா?"

"பார்வைக்குக் குறைஞ்ச மாதிரியான ஒரு தோற்றத்துக்கு உதவும் மேடம்."

வேறு யாராவது இந்த வாக்கியத்தைச் செய்தியாக அனுப்பியிருந்தால் அவள் சிவப்பு மையால் ஒரே கோடு இழுத்திருப்பாள். அன்றைக்குப் பார்த்து அவள் கையில் பேனா இல்லை. விலையைக் கேட்டதும் அவள் கண் விரிந்த விரிப்பில் சுருக்கமெல்லாம் அந்த இடத்திலேயே நீங்கிவிட்டது. அதோடு எழுந்து வந்திருந்தால் இலவச வைத்தியம். வரவில்லை, வாங்கிவிட்டாள்.

வீட்டில் வீட்டுக்காரர்தான் பிரித்தார். வெளிப்பெட்டி, உள்பெட்டி, பட்டுத்துணி, கனத்த கண்ணாடி டப்பா, மூடி, மூடிக்குள் இன்னொரு மூடி. கடைசியில் ஒரு குழி. குழிக்குள் விரல்நுனியளவு களிம்பு.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொல்லுவாங்க. இப்பத்தான் நேர்ல பாக்கறேன்" என்றார். "சரி, கொண்டா, தேச்சு விடறேன்."

"தேய்க்கக் கூடாதாம். மோதிர விரலால தொட்டு, தட்டித் தட்டித்தான் போடணுமாம்."

அவர் திகைத்துப் போனார். "தேய்க்காம எப்படிம்மா சுருக்கம் போகும்? இது என் தொழிலையே கேவலப்படுத்தற பேச்சு!"

அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு யாகம் நடந்தது. விடிந்ததும் அவள் கண்ணாடி முன்னால் நின்று கண்ணோரத்தில் தட்டுவாள், கதவைத் தட்டுகிற மாதிரி. உள்ளிருந்து இளமை வந்து திறக்கவில்லை. அவர் கடையில் அவள் சேலைக்குக் கஞ்சி போட்டு, நீர் தெளித்து, இஸ்திரிப் பெட்டியை அழுத்து அழுத்தென்று அழுத்துவார். சேலை தானாக எழுந்து நிற்கும், அவள் உள்ளே போய்ச் சேர்ந்துகொள்வாள். உட்கார்ந்தால் மொடமொடவென்று சத்தம். ஒலிப்பதிவுக்காரர், "அம்மா, எலி எதுவும் ஓடுதா?" என்று கேட்டார்.

களிம்பு வேலை செய்யத் தொடங்குகிறவரை முகத்தைக் கேமராவுக்குக் காட்டாமல் இருப்பதுதானே புத்தி? அதற்கு அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், இன்னும் வெட்டினாள். நாலு வரிச் செய்தி ஒரு வரியானது. ஒரு வரி இரண்டு சொல்லானது. "பாலம் திறப்பு. பள்ளி மூடல். வணக்கம்." மிச்ச நேரத்துக்குப் பாட்டும் படமும் போட்டுக்கொண்டார்கள். வேலைநிறுத்தம் நடந்ததா முடிந்ததா என்று தெரியாமல் பாதிப் பேர் வேலைக்குப் போனார்கள், பாதிப் பேர் போகவில்லை.

டப்பாவுக்குள் குழியின் அடி தெரியத் தொடங்கிய ஒருநாள் அரைப்புள்ளி வழியில் பிடித்தார். கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே பேசினார்.

"என்னம்மா இது? குறைங்கன்னு சொன்னா இன்னும் கூடிப்போச்சே! எல்லாருக்கும் தெரியுது, எனக்கு மேலிடத்துல பதில் சொல்ல முடியல. நாளைக்கு ஒரு நாள் பாப்பேன். அப்புறம் வானிலைப் பொண்ணை உக்காரவச்சு... ஆங், இல்ல சார், உங்ககிட்டதான் பேசறேன், சொல்லுங்க."

கூடிப்போச்சாம்! பாசியும் பூவும் முத்தும் சேர்ந்து கூட்டிவிட்டனவாம்! செய்தியம்மா அழவில்லை, அழுதால் கண்ணோரம் வீங்கும் என்று பயம். நேரே கடைக்குப் போனாள்.

விற்பனைக்காரி மேசையை மூடிவிட்டு, பின்னால் மாடிப்படியில் செருப்பைக் கழற்றிவைத்துத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அந்த மங்கிய வெளிச்சத்தில் அவள் கண்ணோரத்திலும் கோடுகள் தெரிந்தன, நன்றாக, வரிசையாக.

"கூடிடுச்சு" என்று டப்பாவை நீட்டினாள் செய்தியம்மா.

அவள் டப்பாவையும் பார்த்தாள், இவள் முகத்தையும் பார்த்தாள். "எங்க கூடிச்சு? போன தடவை எப்படியோ அப்படியேதான் இருக்கு."

"அப்ப குறையவும் இல்ல?"

"அது... பார்வைக்குக் குறைஞ்ச மாதிரியான ஒரு..."

"நீ எதைப் பூசற?"

அவள் மேலும் கீழும் பார்த்தாள். 'மேடம்' அங்கேயே கழன்று விழுந்தது. "அக்கா, நான் பூசறது கீழ்மாடியில சோப்புப் பக்கத்துல விக்கிற சாதாரண ஈரப்பசை க்ரீம். இதுவும் ஈரம்தான் கொடுக்குது, அதுவும் ஈரம்தான் கொடுக்குது. ஈரம் இருக்கிறவரைக்கும் கோடு கொஞ்சம் அமுங்கும், காஞ்சா எழும்பிக்கும். ஒண்ணுரெண்டு மருந்துச் சரக்கு மெதுவா வேலை செய்யும்கறாங்க. அதுவும் இவ்வளவு விலை கொடுத்தாத்தான்னு இல்ல. வெயில் படாம பாத்துக்கங்க, தூங்குங்க. என் கோட்டைப் பாருங்க, நாள் முழுக்கச் சிரிச்சுக்கிட்டே விக்கணும்ல, அதுல வந்தது." தேநீரை ஒரு மடக்கு குடித்தாள். "நான் சொன்னேன்னு செய்தியில வாசிச்சுத் தொலைச்சுடாதீங்க."

செய்தியம்மா லாண்டரிக்குப் போய் முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். சேலை நொறுங்குகிற மாதிரி சத்தம் கேட்டது. வாழ்க்கையில் முதல்தடவையாக, நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். வீட்டுக்காரர் இஸ்திரிப் பெட்டியோடு அப்படியே நின்று கேட்டார். அவர் வாய் திறக்காமல் இருந்ததும் அன்றைக்குத்தான்.

"இங்க பாரும்மா" என்றார் கடைசியில். "துணியில கசக்கி வச்சதால வர்ற சுருக்கம் உண்டு, அது பெட்டிக்குப் பயந்து ஓடிடும். ஆசையா உடுத்தி உடுத்தி விழற சுருக்கமும் உண்டு. அதை எடுக்கறேன்னு போட்டு அழுத்தினா துணிதான் பொசுங்கும்."

நல்ல பேச்சு. அதைப் பேசி முடிக்கிறவரை பெட்டி யாரோ ஒருத்தருடைய கால்சட்டைமேல் இருந்ததால், அதுவும் பொசுங்கித்தான் போயிருந்தது. இருவரும் புகையைப் பார்த்தார்கள். முதலில் அவள்தான் சிரித்தாள்.

"நாளைக்கு அந்த ஆளோட ஃபோனைப் பிடுங்கி வச்சுட்டுக் கேளு" என்றார் அவர், தண்ணீரைத் தெளித்துக்கொண்டே. "முழுசாக் கேளு. அப்படியும் முகத்தைத்தான் சொல்றான்னா, முகத்தோட எழுந்து வந்துடு. எனக்கு இஸ்திரி போட ஒரு சேலை குறையும், அவ்வளவுதானே?"

மறுநாள் செய்தியம்மா ஒப்பனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கழுவின முகத்தோடு அரைப்புள்ளியின் அறைக்குள் போனாள். மேசையிலிருந்த கைபேசியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மனிதர் கையொடிந்தவர் மாதிரி விழித்தார்.

"சார், இதோ பாருங்க என் முகம். இதுல இருக்கிற சுருக்கம் இனிமே போகாது. விலைகொடுத்துப் பாத்துட்டேன், சேலையில கஞ்சி போட்டும் பாத்துட்டேன். இந்த முகத்தோட வாசிக்கலாம்னா வாசிக்கறேன். வேணாம்னா இப்பவே சொல்லுங்க. முழு வாக்கியமாச் சொல்லுங்க."

"முகமா?" என்றார் அரைப்புள்ளி. "உங்க முகத்துல என்னம்மா இருக்கு?"

"நீங்கதானே பேனாவை வச்சுக் காட்டினீங்க!"

"பேனாவா? நான் பேசறப்ப எதையாவது தட்டிக்கிட்டே இருப்பேம்மா, என் பொண்டாட்டியே திட்டுவா. நான் செய்தியைச் சொன்னேன். செய்திச் சுருக்கம்! பாலம் திறப்புன்னா எந்தப் பாலம், எங்க, யார் போகலாம்? ஒண்ணுமே இல்ல. அந்தம்மா குரல் நல்லா இருக்கு, நாங்க உக்காருறதுக்குள்ள முடிச்சுட்டுப் போயிடறாங்கன்னு ஜனங்க கத்தறாங்க. விரிவா வாசிங்கம்மா. எவ்வளவு வேணாலும் வாசிங்க. நீங்க சுருக்காம இருந்தாப் போதும்!"

செய்தியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. முகம் எது தாங்குமோ அதைச் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து செய்தி விரிந்தது. எந்தப் பாலம், யார் கட்டினார்கள், ஏன் இத்தனை தாமதம் என்று எல்லாம் சொன்னாள். இத்தனை வருஷம் வெட்டி விழுங்கிய சொற்களெல்லாம் தொண்டையில் வரிசைகட்டி நின்றிருக்கும்போல. வேலைக்குப் போகவேண்டிய நாளில் ஜனங்கள் வேலைக்குப் போனார்கள். புதுக் கேமரா அவள் கண்ணோரத்தைக் கோடு கோடாகக் காட்டியது, ஒருத்தரும் ஃபோன் பண்ணவில்லை.

கதை இங்கே முடிந்திருக்கலாம். விதி அப்படி விட்டுவிடுமா?

சில வாரம் கழித்து அவள் மேசைக்கு ஒரு தாள் வந்தது. தோல் மருத்துவர்கள் கூட்டம் போட்டுப் பேசியிருந்தார்கள். விலை கூடிய கண் களிம்புகள் வாங்கத் தகுந்தவையா என்பதுதான் பேச்சு. பழைய செய்தியம்மாவாக இருந்தால் "டாக்டர்கள் கூடினர்" என்று முடித்திருப்பாள். இவள் நாற்காலியை நன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தாள். ஈரப்பசை என்ன செய்யும், எது செய்யாது, விலைக்கும் பலனுக்கும் உறவு உண்டா, வெயில் தடுப்பு எதற்கு, தூக்கம் எதற்கு, டப்பாவுக்குள் மூடி, மூடிக்குள் மூடி எதற்கு. கடைசி விஷயம் தாளில் இல்லை, அது அவள் சொந்தச் சரக்கு.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அரைப்புள்ளி குதித்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் மாலைச் செய்தியை வழங்குவதே ஒரு கண் களிம்புக் கம்பெனி. அவர் இரண்டு விரலைக் கத்தரி மாதிரி விரித்து விரித்து மூடினார். வெட்டுங்கள், வெட்டுங்கள் என்று பொருள். செய்தியம்மா பார்த்தாள். இன்னும் இரண்டு நிமிஷம் எடுத்துக்கொள்ளலாம் என்று புரிந்துகொண்டு, எடுத்துக்கொண்டாள். உண்மையாகவே அப்படித்தான் புரிந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள்.

முடிந்ததும் விளம்பரம் வந்தது. அதே கனத்த டப்பா, அதே பாசி, அதே பூ. அரைப்புள்ளி ஓடிவந்தார்.

"அம்மா, இதை மட்டுமாவது கொஞ்சம் சுருக்கமா..."

"முழுசாச் சொல்லுங்க சார்" என்றாள் செய்தியம்மா. "சுருக்கமாச் சொன்னா எனக்குப் புரியறதில்ல."

வேலை போயிற்றா என்று கவலைப்படாதீர்கள். செய்தியைப் பாதி கேட்டவர்களும், விளம்பரத்தை முழுதாகப் பார்த்தவர்களுமாகச் சேர்ந்து, "செய்தியம்மா சொன்னாங்களே, அந்தக் க்ரீம்" என்று கேட்டுக் கேட்டுக் கடையைக் காலிசெய்துவிட்டார்கள். கம்பெனிக்காரர்கள் மகிழ்ந்துபோய் அவளுக்கே ஒரு புது டப்பாவை அன்பளிப்பாக அனுப்பினார்கள். அதை வானிலைப் பெண்ணிடம் கொடுத்தாள். பழைய காலி டப்பா லாண்டரியில் இருக்கிறது. துணிகளிலிருந்து கழன்று விழுகிற பொத்தான்களைப் போட்டுவைக்க அதைப்போல வராது, இரண்டு மூடி அல்லவா, ஒன்றுகூடச் சிந்தாது என்று வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் மெச்சிக்கொள்கிறார். கொடுத்த விலை வீண்போகவில்லை பாருங்கள்.

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டுத் துணியில் விழுகிற சுருக்கம் ஒரே தேய்ப்பில் போகட்டும். உங்கள் பேச்சில் சுருக்கம் விழாதிருக்கட்டும், ஒருத்தருக்கொருத்தர் முழு வாக்கியம் பேசி முடிக்க உங்களுக்கு நேரம் வாய்க்கட்டும். கண்ணோரத்தில் விழுவது மட்டும், சிரித்துச் சிரித்தே, வீட்டில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் விழட்டும்.